கல்தொட்டியருகே நிற்பவள்

செங்கணாபுரத்தில் மில் சங்கு ஊதுவது நின்றபோது முதலில் தொலைந்தது நேரம். அது தொலைந்து, ஊரார் சோற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் பிந்திக்கொண்டிருந்த நாட்களிலேயே, தொலைத்தவர்களே மறந்துவிட்ட ஆடுமாடுகள் தாமாக வாசலில் வந்து நிற்பதைப்போல, கனவுகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

அதற்கு முன் அவ்வூரார் கனவே கண்டதில்லை என்று சொல்வது சரியாகாது. கண்டதைக் கையில் வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்ததில்லை. மில்லின் கூரைமேல் நின்றிருந்த சங்கு, ஷிப்டுக்கு ஒருமுறை, தொட்டிலில் கிடந்த பிள்ளை முதல் படுக்கையோடு கிடந்த கிழவர் வரை அத்தனை பேரையும் ஒரே இழுப்பில் உறக்கத்திலிருந்து பிடுங்கிப் போட்டது. அவசரமாகப் பிடுங்கிய செடியோடு வேர் வருவதில்லை. சங்குக்கு முந்திய காலத்தில் அங்கே வேறொரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து பகலில் உறங்குகிறவரைப் பேர் சொல்லி எழுப்பக் கூடாது, தோளைப் பிடித்து உலுக்கவும் கூடாது. கால் பெருவிரலைத் தொட்டுக்கொண்டு, அவராகக் கண் திறக்கிறவரை பொறுத்திருக்க வேண்டும். உறக்கத்தில் வெளியே போயிருக்கும் பாதி உயிர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் வழி கண்டு திரும்பும் என்று நம்பினார்கள். சங்கு வந்த பிறகு விரலைத் தொட யாருக்கும் பொழுதில்லை. தொடவேண்டிய தேவையும் இல்லாமற்போனது.

மில் மூடப்பட்டது. ஏன் மூடினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதைச் சொன்னாலும் கேட் திறக்கவில்லை. சங்கு நின்ற சில வாரங்களில், மில்காரர்களின் லைன் வீடுகளில் கடைசி வரிசையில் குடியிருந்த சுடலைமுத்து மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தபோது அவன் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை செய்து வருகிறவனின் தலையில் முப்பது வருடம் பார்த்த அதே பஞ்சுதான் என்பதால் அவன் மனைவி சீனியம்மாள் வழக்கம்போலத் துண்டை எடுத்து அவன் தலையைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாதி வழியில்தான் மில் மூடியிருப்பது அவள் நினைவுக்கு வந்தது.

"எங்க போயிட்டு வாரீரு?"

"எங்க போவேன், ஷிப்டுக்குத்தான்," என்றான் சுடலைமுத்து. சொன்ன பிறகு அவனுக்கே அது விளங்கவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் மில்லில் வேலை பார்த்த அத்தனை பேர் தலையிலும் பஞ்சு வந்துவிட்டது. யாரும் அஞ்சவில்லை. ஒருவர் கண்ட கனவும் மற்றவர் கண்ட கனவும் நூலிழை பிசகாமல் ஒத்துப்போயின: அதே மில், அதே வெக்கை, அதே மேஸ்திரி, பக்கத்து மிஷினில் அதே ஆள். கனவில் வைததற்காக விழிப்பில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களும், கனவில் வாங்கிய வெற்றிலைக்காக விழிப்பில் வெற்றிலை திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பெண்கள் தலையிலிருந்து வாரிய பஞ்சைச் சேர்த்து வைத்துத் தலையணை தைத்தார்கள். அந்தத் தலையணையில் படுத்தால் ஷிப்டுக்குப் பிந்தாமல் போகலாம் என்று பேச்சு பரவியது. முடிவெட்டுகிறவர் பஞ்சுத் தலைக்குத் தனியாகக் கூலி கேட்க, அதற்கு ஒரு சமரசப் பேச்சுவார்த்தை நடந்தது. தொழிற்சங்கச் செயலாளர் துரைராஜ், உறக்கத்தில் செய்யும் வேலைக்கும் கூலி உண்டு என்று ஒரு கோரிக்கையை எழுதிப் பூட்டிய கேட்டில் ஒட்டினார். மறுநாள் அந்தத் தாளின்மேலும் பஞ்சு படிந்திருந்தது. அதைப் பதிலாகக் கொள்வதா வேண்டாமா என்று சங்கத்தில் விவாதித்தார்கள்.

ஆவுடையம்மாளின் தலையிலும் பஞ்சு வந்தது. அவள், நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் அறுந்த நூலை முடிந்து முடிந்தே நரைத்தவள்; ஐம்பதைத் தாண்டியவள்; கல்யாணம் செய்துகொள்ளாதவள். மற்றவர்களைப்போல அவள் சிரிக்கவில்லை. சீப்பை எடுத்துப் பஞ்சை வாரி உருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரப் பெஞ்சின் நட்டநடுவில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்த தன் தங்கை கோமுவை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பக்கத்துக்கு வழி திறந்திருக்கிறது என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கோமு நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஊட்டினால் உண்பாள், நடத்தினால் நடப்பாள், படுக்கவைத்தால் கண்ணை மூடுவாள். பேசமாட்டாள், யாரையும் பார்க்கவும் மாட்டாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிப் பூசித் தாய் செத்துப்போனாள். தாய்க்குப் பின் ஆவுடை பார்த்துக்கொண்டாள். "தங்கச்சிக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்தவ" என்று ஊர் அவளைச் சொன்னது. அப்படிச் சொன்னபோதெல்லாம் அவள் மறுத்ததில்லை. தகுதியில்லாத புகழை மறுக்காதவர்கள் எல்லோரும் வெட்கங்கெட்டவர்கள் அல்லர். மறுத்தால் அடுத்து என்ன சொல்லவேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு.

காய்ச்சல் எதுவும் வரவில்லை என்பது ஆவுடைக்குத் தெரியும்.

அவளுக்குப் பன்னிரண்டும் கோமுவுக்கு எட்டும் நடந்த காலத்தில் இருவரும் ஒரே போர்வைக்குள் உறங்கினார்கள். ஒரே கனவுக்குள் விழித்தார்கள். கனவு காண்பது வேறு, கனவுக்குள் விழித்திருப்பது வேறு. முன்னதில் வண்டி போகிற இடத்துக்கு ஆள் போகவேண்டும். பின்னதில் கயிறு ஆளின் கையில் இருக்கும். அதற்கு ஆவுடை ஒரு சோதனை கண்டுபிடித்திருந்தாள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயை மூடினால் விழிப்பில் மூச்சு முட்டும். கனவில், பிடித்த மூக்கின் வழியாகவே மூச்சு இதமாக வந்து போகும். மூச்சு வந்துவிட்டால் பயமில்லை, எல்லாம் நம்முடையது. அப்படி மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காளும் தங்கையுமாக ஓடைக்கரையிலும் ஆளில்லாத கடைத்தெருவிலும், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி வரைக்கும் சுற்றுவார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் போனதில்லை. அப்பால் ஒரு குன்றும், குன்றின்மேல் விளக்குகளும் தெரிந்தன. விழித்திருக்கும் ஊரில் அந்தக் குன்று கிடையாது.

ஆவுடைக்கு அந்தக் குன்றைப் பார்த்துவிடவேண்டும் என்று இருந்தது. கோமுவின் குட்டைக் கால்களோடு அது முடியாது.

"நீ இங்கயே நில்லு. நான் போயிட்டு ஓடி வந்துருதேன்."

"நானும் வாரேன்க்கா."

"சொன்னாக் கேளு. நான் வந்து கூப்பிடுத வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. பிள்ளை பிடிக்கிறவங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, தெரிஞ்சுக்கோ. அக்கா வந்தாத்தான் வரணும்."

கோமு கல்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவுடை தண்டவாளத்தைத் தாண்டி நாலடி வைத்திருப்பாள். மில் கூரையில் அன்று காலையில்தான் பொருத்திய புதுச் சங்கு, தன் முதல் ஊதலை ஊதியது.

விழித்தபோது பக்கத்தில் கோமுவும் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். அவ்வளவுதான்.

முதலில் சில நாள் ஆவுடை முயன்றாள். உறங்கினாள், சங்கு அவளைப் பிடுங்கியது. கையில் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு தகப்பனாருக்குப் பதிலாக மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள்; சங்குக்கு முன் எழுந்து, சங்குக்குப் பின் படுத்து, படுத்த இடத்தில் கல்லாகக் கிடந்தாள். சங்குதான் குறுக்கே நின்றது என்று வைத்துக்கொள்ள அவளுக்கு இடமிருந்தது. ஆனால் பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் சங்கு ஊதாத நாட்கள் வந்தன. அந்த நாட்களில் அவள் வீட்டை வெள்ளையடித்தாள், பாத்திரங்களுக்குப் புளி போட்டுத் தேய்த்தாள், உறங்காமலிருக்க எத்தனை வேலை உண்டோ அத்தனையும் செய்தாள். போனால் அங்கே நிற்பவளின் முகத்தைப் பார்க்கவேண்டும். முதல் வருடத்தில் கடினமாக இருந்தது பத்தாம் வருடத்தில் முடியாததாகி, இருபதாம் வருடத்தில் அப்படி ஒன்று நடக்கவே இல்லையோ என்று தோன்றும்படி ஆகிவிட்டது. மறதி தானாக வந்தது என்று சொல்கிறவர்கள் அதற்குத் தாமே இலை போட்டதைச் சொல்வதில்லை.

இப்போது சங்கில்லை. இனிச் சாக்கும் இல்லை.

கோமுவுக்குக் காலைக் கஞ்சியை ஊட்டிவிட்டு ஆவுடை பாயை விரிக்கத் தொடங்கினாள். கிழக்கு வெளுத்த பிறகு வரும் உறக்கம் மெலிந்தது, கனவுக்குப் பக்கத்தில் ஓடுவது என்று சின்ன வயதில் அறிந்திருந்தாள். ஆனால் முதலில் நினைவு வேண்டும். கண்டதே நினைவில்லாதவள் காணும்போதே விழித்துக்கொள்வது எப்படி? இதற்கு அவளுக்குக் கைகொடுத்தது அவளுடைய தொழில். ஓடுகிற கோனில் நூல் அறுந்து நுனி உள்ளே புதைந்துவிட்டால், அவசரப்பட்டுப் பிய்க்கிறவளுக்கு அது கிடைக்காது. கோனை நிறுத்தி, உள்ளங்கையை மேலே லேசாக வைத்து, எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றினால் நுனி தானே எழும்பி வரும். அப்படியே செய்தாள். விழித்ததும் கண்ணைத் திறக்கவில்லை, புரளவில்லை. எந்தப் பக்கமாகப் படுத்திருந்தாளோ அப்படியே கிடந்து, கடைசியாக இருந்தது என்ன என்பதை மட்டும் கேட்டாள். முதல் வாரம் ஒரு வெக்கை கிடைத்தது. பிறகு ஒரு எண்ணெய் வாசம்; பிறகு யாரோ இருமியது. நுனி அகப்பட்ட பிறகு இழுக்க இழுக்க வந்தது: தான் நின்ற மிஷின், சுற்றிய நூல், அருகில் நின்றவள் காதில் போட்டிருந்த கம்மல் வரை.

ஆனால் அந்தக் கனவில் அவள் வேலைக்காரியாக மட்டுமே இருந்தாள். அது கனவு என்று தெரியாமல், ஷிப்ட் முடியவேண்டுமே என்ற கவலையோடு நூல் முடிந்துகொண்டிருந்தாள். ரயில்வே கேட் இரண்டு தெரு தள்ளி இருந்தும் அங்கே போகவேண்டும் என்ற நினைவே அவளுக்கு எழவில்லை. ஆகவே மூக்கைப் பிடிக்கும் பழைய வழக்கத்தை விழிப்பில் ஏற்படுத்திக்கொண்டாள். பகலில் பழகியதைத்தான் கை கனவிலும் செய்யும். வாசல்படி தாண்டும்போதெல்லாம், குழாயடியில் குடம் நிறையும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். சீனியம்மாள் அதைக் கண்டுவிட்டாள்.

"என்ன மதினி, எங்க போனாலும் மூக்கைப் பொத்துதீக? நாங்க அவ்வளவு நாறுதோமா?"

வேறு வழியின்றி ஆவுடை பாதியைச் சொன்னாள். கனவா நனவா என்று பார்க்கும் சோதனை என்று மட்டும். சீனியம்மாளிடம் பாதி சொன்னால் ஊருக்கு ஒன்றரையாகப் போய்ச் சேரும். மறுவாரம் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. டீக்கடையில் கிளாஸை வாங்குமுன் பிடித்தார்கள், ரேஷன் கடையில் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னபோது பிடித்தார்கள். பெண் பார்க்க வந்த அயலூர் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தகப்பன் தங்களைக் கண்டதும் மூக்கைப் பிடித்ததில் கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். செங்கணாபுரம் ஸ்டாப்பில் ஜன்னல்களை மூடிக்கொள்ளும்படி கண்டக்டர்கள் பிரயாணிகளுக்குச் சொன்னார்கள்.

ஆனாலும் கனவில் அந்தச் சோதனை யாருக்கும் கைகூடவில்லை. மில்லில் இரண்டு கையும் வேலைக்கு வேண்டியிருந்தன. மூக்கைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

ஆவுடைக்கு அது வாய்த்தது, மார்கழி பாதி கழிந்த ஒரு காலையில். நூல் அறுந்தது, முடிந்தாள். உடனே அறுந்தது, முடிந்தாள். மூன்றாம் தடவை அறுந்தபோது மூக்கில் பஞ்சு ஏறிக் கூச, துடைக்கப் போன விரல்கள் பழக்கத்தால் மூக்கை இறுகப் பற்றின. மூச்சு வந்தது. பிடித்த மூக்கின் வழியாக, பன்னிரண்டு வயதில் வந்ததைப்போலவே இதமாக, தடையின்றி வந்தது.

அவள் மிஷினை விட்டு நகர்ந்தாள். வரிசை வரிசையாக ஊரார் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வழியில் நின்ற சுடலைமுத்துவிடம், "இது கனவுய்யா. மில்லு மூடியாச்சு. வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

"சும்மா இரிங்க மதினி, மேஸ்திரி காதுல விழுந்துரப்போகுது," என்றான் அவன், தலை நிமிராமல். "வேலை இருக்கையில வேலை இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

அவனை விட்டுவிட்டு அவள் வெளியேறினாள். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. கடைத்தெரு அப்படியே இருந்தது. ஓடையில் தண்ணீர் ஓடியது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், கல்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தாய் அன்று பின்னிவிட்ட இரட்டைச் சடையோடும் ஊதாப் பாவாடையோடும், எட்டு வயதுக் கோமு நின்றுகொண்டிருந்தாள். தண்டவாளத்துக்கு அப்பால் குன்று இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோமு," என்றாள் ஆவுடை.

குழந்தை திரும்பிப் பார்த்தது. நரைத்த தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, மரியாதையாக, "என்ன ஆச்சி?" என்றது.

"அக்கா வந்திருக்கேன்ட்டி. வா, வீட்டுக்குப் போகலாம்."

"நீங்க எங்க அக்கா இல்லை. எங்க அக்கா பாவாடை கட்டியிருப்பா."

"நான்தான் ஆவுடை. நம்ம அம்மா பேரு சண்முகவடிவு. அப்பா மில்லுல வேலை பார்க்காரு. நம்ம வீட்டுல காது அறுந்த வெள்ளாட்டங்குட்டி ஒண்ணு நிக்குது."

"அது ஊருல எல்லாருக்கும் தெரியுமே," என்றது குழந்தை. பிறகு, பெரியவர்களிடம் துடுக்காகப் பேசிவிட்டோமோ என்று தயங்கி, விளக்கம் சொல்வதைப்போலச் சொன்னது: "பிள்ளை பிடிக்கிறவங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். அக்கா வந்தாத்தான் வரணும்னு எங்க அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

ஆவுடை குனிந்து அதன் கால் பெருவிரலைத் தொட்டாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டது.

கனவில் விழித்தவர் நினைத்ததெல்லாம் நடத்தலாம் என்பது அங்கே போகாதவர்கள் சொல்வது. தொடர்ந்து வந்த காலைகளில் ஆவுடை எல்லாவற்றையும் முயன்று பார்த்தாள். ஓடைமேல் நடக்க அவளால் முடிந்தது. காய்ந்த வேம்பைப் பூக்கவைக்க முடிந்தது. பன்னிரண்டு வயதாக மட்டும் முடியவில்லை. பாவாடையை நினைத்துக்கொண்டு பாவாடையும் உடுத்தி வந்தாள். கல்தொட்டித் தண்ணீரில் குனிந்து பார்த்தபோது, சிறுமியின் பாவாடைக்கு மேலே, பஞ்சு ஒட்டிய கிழட்டு முகம் தெரிந்தது. குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "எங்க அக்கா மாதிரியே வேஷம் போட்டிருக்கீங்களே ஆச்சி."

சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை என்று கோமுவைத் தாய் எப்போதும் மெச்சுவாள்.

இதற்கிடையில் ஊர் சலித்துவிட்டது. அதிசயம் நாள்பட்டால் தொந்தரவாகும். கூலியில்லாத அதிசயம் சீக்கிரமே ஆகும். பிழைப்புக்கு வேறு வேலை தேடவேண்டிய ஆண்கள் ஷிப்ட் செய்த அலுப்போடு எழுந்து உட்கார்ந்தார்கள். சங்க ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடியது.

"செத்த மில்லுக்கு உழைச்சுச் சாகணும்னு நமக்கு என்ன தலையெழுத்தா?" என்றார் துரைராஜ். "அந்தச் சங்கை மட்டும் நமக்குக் குடுத்துரச் சொல்லி மில்லுக்காரங்ககிட்டக் கேட்டாச்சு. சரின்னுட்டாங்க. தை முதல் தேதியிலேருந்து ஆபீஸ் மாடியில வச்சு ஊதுவோம். சங்கு ஊதினாக் கனவு தங்காது."

"வையுங்க அண்ணாச்சி," என்றாள் சீனியம்மாள். "ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாரும்னு சொன்னா, இப்பத்தானே ஷிப்ட் முடிஞ்சு வந்தேங்காரு இந்த மனுஷன். பாயில கிடந்த ஆளு."

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "அங்கயாவது வேலை இருக்கே," என்று முனகியதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டும் கேளாததுபோல இருந்தார்கள்.

ஆவுடை எழுந்தாள். அவள் கூட்டங்களில் பேசுகிறவள் அல்லள் என்பதால் எல்லோரும் அடங்கினார்கள்.

"சங்கு இப்ப வேண்டாம். கொஞ்ச நாள் பொறுக்கணும்."

"ஏன் ஆவுடையக்கா?"

"எனக்கு அங்க ஒரு ஜோலி இருக்கு."

"மதினிக்கு அங்க என்ன ஜோலி?" என்று சீனியம்மாள் கேட்க, கூட்டம் சிரித்தது. கெடுதலான சிரிப்பல்ல. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை ஆவுடை நின்றாள். சொல்லியிருந்தால் அவர்கள் பொறுத்திருப்பார்கள். மூக்கைப் பிடித்து நடக்கச் சம்மதித்த ஊர், ஒரு குழந்தைக்காக ஒரு மாதம் கூடுதலாக உழைக்கச் சம்மதிக்காமல் போயிராது. ஆனால் சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்லவேண்டும். தியாகி என்று இத்தனை காலம் அழைத்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். "ஒண்ணுமில்லை," என்று அவள் உட்கார்ந்தாள். ரயில்வே கேட்டில் ஒருமுறை விட்டுவிட்டு வந்தவள், இங்கே இரண்டாம் முறையும் விட்டுவிட்டு உட்கார்ந்தாள் என்பதை, உட்கார்ந்த பிறகு அறிந்தாள்.

தை முதல் தேதி, கோலம் போட்டு, பொங்கல் பானையை இறக்கி, கோமுவுக்கு ஊட்டிவிட்டு, ஆவுடை பாயை விரித்தாள். காலை ஷிப்டின் பழைய நேரத்துக்குச் சங்கு ஊதும் என்று சொல்லியிருந்தார்கள்; அதற்குக் கொஞ்சப் பொழுதே இருந்தது. அங்கேயே, அந்தக் கல்தொட்டிக்குப் பக்கத்திலேயே, எழாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு வராமலில்லை. அங்கே அவள் நின்றுவிட்டால் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கஞ்சி ஊட்ட ஆளில்லை. குற்றத்துக்குக் கழுவாய் தேடுகிறவர்களுக்கும் அடுப்பு இருக்கிறது.

மூக்கைப் பிடித்தாள், மூச்சு வந்தது. மில்லைக் கடந்து, கடைத்தெருவைக் கடந்து போனாள். இந்த முறை அவள் கூப்பிடவில்லை, பேர் சொல்லவில்லை, எந்த அத்தாட்சியும் காட்டவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, குழந்தை பார்த்த திசையிலேயே பார்த்தாள்.

நேரம் சென்றது. குழந்தைதான் முதலில் பேசியது.

"நீங்களும் யாருக்காவது நிக்கீங்களா, ஆச்சி?"

"ஆமா."

"யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு."

"வருவாளா?"

"தெரியலை. நான் ரொம்பப் பிந்தி வந்துட்டேன். அவ என்னை மறந்திருப்பா."

குழந்தை அதை யோசித்தது. "மறக்கமாட்டா," என்றது. "தங்கச்சிங்க மறக்கமாட்டாங்க." பிறகு, இவ்வளவு காலமும் பிடித்திருந்த விளிம்பை விட்டுவிட்டு, கல்தொட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, ஒருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டது. "உக்காருங்க. கால் வலிக்கும்ல."

ஆவுடை உட்கார்ந்தாள். தொங்கிக்கொண்டிருந்த சின்னக் காலின் பெருவிரலை மெதுவாகத் தொட்டாள். குழந்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை. குன்றின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது.

கண்ணைத் திறந்தபோது தெருவில் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ துரைராஜுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடையின் தலையில் பஞ்சு இல்லை. இனி இருக்காது. நுனி தேடி அப்படியே கிடக்கவேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அவள் எழுந்து, பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்து அந்த இடத்தில் மரமே தேய்ந்துபோகும்படி ஆக்கியிருந்த கோமு, இன்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. ஆவுடை போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரத்துக்குப் பின், துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதைப்போலக் கோமுவின் தொண்டை அசைந்தது.

"எங்க அக்கா இன்னும் வரலை, ஆச்சி," என்றாள்.

ஆவுடை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வருவா," என்றாள்.

பாவாடை கட்டிய பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தெருமுனையில் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.